மாடிப்படிக்கு ஒரு நாற்காலி

படிக்கட்டில் ஏறும்போது முழங்கால் மூட்டின்மேல் விழும் சுமை உடல் எடையைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு என்றும், இறங்கும்போது அது இன்னும் சற்றுக் கூடுகிறது என்றும் செயற்கை மூட்டுக்குள் உணர்கருவிகளைப் பொருத்தி எடுத்த அளவீடுகள் காட்டியிருக்கின்றன. மூட்டுத் தேய்மானம் உள்ள முதியவர்கள் ஏறுவதைவிட இறங்குவதற்கே அதிகம் அஞ்சுவதற்கு இதுவும் ஒரு காரணம். தேய்மானமோ, பக்கவாதத்துக்குப் பிந்தைய தளர்ச்சியோ, பார்க்கின்சன் நோயோ, இதயம் நலிந்ததால் வரும் மூச்சிரைப்போ, எது வந்தாலும், மாடியில் படுக்கையறை வைத்துக் கட்டப்பட்ட வீடு அதைக் கட்டியவருக்கே பாதி வீடாகக் குறுகிவிடுகிறது. அந்த மறுபாதியை மீட்டுத் தரும் வழிகளில் ஒன்று, படிகளின் ஓரமாக ஓடும் தண்டவாளத்தில் ஏறி இறங்கும் நாற்காலியாகிய ஸ்டேர் லிஃப்ட்.

1920-களில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் சி. சி. கிரிஸ்பென் என்பவர் வீடுகளுக்கென உருவாக்கிய ‘இன்க்ளினேட்டர்’ என்னும் சாய்வு நாற்காலியிலிருந்து இதன் நவீன வரலாறு தொடங்குகிறது. இன்றைய சாதனத்தில் தண்டவாளம் நெடுக ஒரு பல்வரிசை இருக்கும். நாற்காலியின் அடியிலுள்ள மோட்டாரோடு இணைந்த பற்சக்கரம் அந்தப் பற்களைப் பற்றியபடி மேலேறும் என்பதால், வழுக்கிக் கீழே வர இடமில்லை. வேகம் மீறினால் தானே பிடித்துக்கொள்ளும் தனித் தடையும் உண்டு. ஐரோப்பியத் தரவிதி வினாடிக்கு 15 சென்டிமீட்டருக்கு மேல் வேகத்தை அனுமதிப்பதில்லை; ஆகவே ஒரு மாடி ஏற முக்கால் நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை ஆகும். கைப்பிடியிலுள்ள பொத்தானை அழுத்திப் பிடித்திருக்கும்வரைதான் நாற்காலி நகரும். விரலை எடுத்தால் நின்றுவிடும்.

வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது விலையை என்றாலும், விலையைத் தீர்மானிப்பது நாற்காலியல்ல, வீட்டின் படிக்கட்டே. கீழிருந்து மேல்வரை திருப்பமின்றிச் செல்லும் படிக்கட்டுக்கு, கிடங்கில் இருக்கும் அலுமினியத் தண்டவாளத்தை நீளத்துக்கு ஏற்ப வெட்டிப் பொருத்தினால் போதும். வேலையும் சில மணி நேரத்தில் முடிந்துவிடும். தமிழ்நாட்டு வீடுகளிலோ பெரும்பாலும் பாதியில் ஒரு லேண்டிங் வந்து எதிர்ப்புறமாகத் திரும்பும் படிக்கட்டே காணப்படுகிறது. இடம் குறைந்த மனைகளில் லேண்டிங்குக்குப் பதிலாக, ஒரு பக்கம் குறுகியும் மறுபக்கம் அகன்றும் ஆப்பு வடிவில் அமைந்த விசிறிப் படிகளும் உண்டு. இவற்றுக்குத் தேவையான வளைந்த தண்டவாளத்தை ஒவ்வொரு படியையும் அளந்து, பல கோணங்களில் படமெடுத்து, அந்த ஒரு வீட்டுக்கென்றே தொழிற்சாலையில் வளைத்துச் செய்ய வேண்டியிருப்பதால், செலவு நேர் தண்டவாளத்தைப் போலப் பல மடங்காகிறது. வெளிநாட்டிலிருந்து வர வேண்டியிருந்தால் வாரக்கணக்கில் காத்திருக்கவும் நேரும். வீடு மாறினால் அது வேறு எந்தப் படிக்கட்டுக்கும் பொருந்தாது.

இந்தச் செலவைத் தவிர்க்க, லேண்டிங்குக்குக் கீழே ஒன்றும் மேலே ஒன்றுமாக இரண்டு நேர் நாற்காலிகளைப் பொருத்தலாம் என்னும் யோசனை அடிக்கடி முன்வைக்கப்படுகிறது. எழுந்து நான்கு எட்டு நடக்கத் தடையில்லாதவருக்கு அது நல்ல ஏற்பாடுதான். ஆனால் முழங்காலைவிட இடுப்பும் சமநிலையும் தளர்ந்தவருக்கு உட்காருவதும் எழுவதுமே கடினம் என்பதால், ஒரு மாடிக்கு இருமுறை உட்கார்ந்து இருமுறை எழ வைப்பது, அதுவும் படிகளின் நடுவே எழ வைப்பது, அவருடைய ஆபத்தைக் கூட்டவே செய்யும். அத்தகையவருக்கு வளைந்த தண்டவாளத்துக்குப் பணம் போதாதென்றால், படுக்கையறையைக் கீழ்த்தளத்துக்கு மாற்றுவதே மேல்.

அளவெடுக்கும்போது படிக்கட்டின் அகலத்தை மட்டும் பார்ப்பது போதாது. நாற்காலி பக்கவாட்டில் பார்த்தபடி செல்வதால், அமர்ந்தவரின் முழங்கால் எதிர்ச்சுவரிலோ கைப்பிடிக் கம்பியிலோ இடிக்கக்கூடும். ஆகவே முதுகைச் சுவரோடு ஒட்டி உட்கார்ந்த நிலையில் முழங்கால் முனைவரை அவருடைய தொடையின் நீளத்தையும் அளக்க வேண்டும். திரும்பும் படிக்கட்டில் மேற்படிகளின் அடிப்பகுதி தலைக்கு எவ்வளவு உயரத்தில் வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். முதற்படிக்கு எதிரிலேயே கதவு இருந்தால், தண்டவாளத்தின் கீழ்முனை வழியை மறிக்காதபடி மடங்கும் அமைப்பு தேவைப்படும்.

தண்டவாளம் சுவரில் மாட்டப்படுவதாகப் பலர் எண்ணுகிறார்கள். பெரும்பாலான மாடல்களில் அதன் கால்கள் படிகளின்மேல்தான் திருகப்படுகின்றன. இங்கே கிரானைட் பதித்த படிகளுக்குத் தனிக் கவனம் வேண்டும். மேலே தெரிவது சுமார் 18 மில்லிமீட்டர் தடிமனுள்ள கல்; அதன் அடியில் சிமெண்டுக் கலவை; அதற்கும் கீழேதான் கான்கிரீட். கல்லை விரலால் தட்டும்போது வெற்றொலி கேட்டால் அங்கே கலவை சரியாகப் படியவில்லை என்று பொருள். அந்த இடத்தில் துளையிட்டால் கல் விரிசல் விடலாம். அதிர்வோடு குத்தும் டிரில்லை எடுத்த எடுப்பில் பயன்படுத்தாமல் கல்லை மெதுவாகத் துளைத்து, கான்கிரீட்டுக்குள் போதிய ஆழம் இறங்கும் ஆங்கர் போல்ட்டுகளால் இறுக்குவதே முறை. விற்பனைக்கு வருபவர் இதைக் கேட்டதும் தெளிவாகப் பதில் சொல்கிறாரா என்பதிலேயே அவருடைய அனுபவம் தெரிந்துவிடும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது மேல்முனை. கீழே தடுமாறினால் தரையில் விழுவார். மேலே தடுமாறினால் படிக்கட்டு முழுவதும் உருள்வார். எனவே நாற்காலி கடைசிப் படியில் நிற்காமல், தண்டவாளத்தை மேல்தளத்துக்குள் நீட்டி, படிக்கட்டின் வாயைக் கடந்து நிற்கும்படி அமைக்க முடிந்தால் செலவானாலும் அதையே தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்கு இடமில்லாவிடில், இருக்கை தளத்தை நோக்கித் திரும்பி, பூட்டிக்கொண்டு நிற்பது கட்டாயம். இருக்கையைக் கையால் நெம்புகோலை அழுத்தித் திருப்பும் மாடல்களும், மோட்டாரே திருப்பும் மாடல்களும் உள்ளன. பக்கவாதத்தால் ஒரு கை வலுவிழந்தவருக்கு இரண்டாவதே பயன்படும். எழுந்தவுடன் பற்றிக்கொள்ளச் சுவரில் ஒரு கைப்பிடியும், இரவிலும் எரியும் விளக்கும் அங்கே வேண்டும்.

இச்சாதனம் எல்லாருக்கும் ஏற்றதன்று. சாயாமல் நிமிர்ந்து உட்கார இயலாதவர்களுக்கும், பாதி வழியில் எழுந்துவிடக்கூடிய மறதி நோயாளிகள் துணையின்றிச் செல்வதற்கும் இது பொருந்தாது. சக்கர நாற்காலியிலேயே இருப்பவர் அதிலிருந்து இருக்கைக்கு மாற முடிய வேண்டும். மாடியில் இன்னொரு சக்கர நாற்காலியும் வேண்டியிருக்கும். இடுப்பையோ முழங்காலையோ மடக்கக் கூடாதவர்களுக்கு, நின்றவாறு ஒட்டிச் சாயும் உயரமான இருக்கைகள் கிடைக்கின்றன. எதை வாங்குவதென்று முடிவு செய்யும் முன், பிசியோதெரபிஸ்ட் ஒருவர் வீட்டுக்கு வந்து பயனாளர் உட்கார்ந்து எழுவதைப் பார்ப்பது மிகவும் நல்லது.

பெரும்பாலான மாடல்கள் நாற்காலிக்குள் உள்ள 24 வோல்ட் பேட்டரியில் ஓடுவதால் மின்தடையின்போதும் நடுவழியில் நிற்பதில்லை. தண்டவாளத்தின் இரு முனைகளிலும் உள்ள தொடுபுள்ளிகளில் நிற்கும்போது அது சார்ஜ் ஆகிறது. ஆகவே பயணம் முடிந்ததும் நாற்காலியை முனையில்தான் நிறுத்த வேண்டும். ஊருக்குப் போகும்போது எல்லாச் சுவிட்சுகளையும் அணைத்துவிட்டுப் போகும் நம் வீட்டு வழக்கம் இங்கே உதவாது: வாரக்கணக்கில் சார்ஜ் ஏறாமல் வடிந்துபோன பேட்டரி வீணாகக்கூடும். நீண்ட நாள் பூட்டியிருக்கும் வீட்டில் என்ன செய்வது என்பதைப் பொருத்துபவரிடமே கேட்டு எழுதி வாங்க வேண்டும். ஈய அமில பேட்டரியின் ஆயுள் வெப்பத்தால் குறையும் என்பதால், மேற்கு வெயில் விழும் படிக்கட்டிலும் வெளிப்புற மாடிப்படியிலும் அது விரைவில் தளரும். வெளிப்புறத்துக்கு மழையும் வெயிலும் தாங்கும் தனி மாடலே தேவை.

பொருத்தி முடித்ததும் பணியாளர் தாமே ஓட்டிக் காட்டுவதைப் பார்த்துக் கையெழுத்திடக் கூடாது. யாருக்காக வாங்கப்பட்டதோ அவர் அமர்ந்து, பெல்ட் போட்டு, தாமே பொத்தானை அழுத்தி ஏறி இறங்க வேண்டும். ஒரு படியில் அட்டைப் பெட்டியை வைத்து, பாதப்பலகை அதைத் தொட்டவுடன் நாற்காலி நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு நான்கைந்து முறை ஓட்டிப் பார்க்க வேண்டும். சேலை உடுத்துபவராயின் முந்தானையை மடியில் சுருட்டி வைத்துக்கொள்ளவும், வேட்டி கட்டுபவர் அதன் நுனியைத் தண்டவாளத்துக்கு எட்டாமல் ஒதுக்கவும் அன்றே பழக வேண்டும். பல்வரிசையில் துணி சிக்குவது இங்குள்ள உடைகளில் உண்மையான அபாயம். படி கழுவுபவரிடம், தண்டவாளத்தின் மேல் தண்ணீர் ஊற்றாமல் ஈரத்துணியால் துடைக்கும்படி சொல்லி வைக்க வேண்டும்.

விலைப்பட்டியலோடு சேர்த்துக் கேட்க வேண்டியவை இன்னும் சில: பழுதென்றால் எத்தனை மணி நேரத்தில் ஆள் வருவார், அந்த ஆள் உள்ளூரில் இருப்பவரா, பேட்டரியும் மின்சுற்றுப் பலகையும் இங்கே கையிருப்பில் உண்டா, வாரண்டி முடிந்தபின் ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் எவ்வளவு, அதில் பேட்டரி அடங்குமா. மாடியில் இருக்கும் முதியவருக்கு நாற்காலி பழுதான நாள் கீழே வர முடியாத நாள்; வேறு ஊரிலிருந்து மெக்கானிக் வர மூன்று நாள் ஆகும் என்றால், விலை குறைந்த அந்த மாடலைவிட, சற்று விலை கூடினாலும் அதே ஊரில் சர்வீஸ் உள்ளதை வாங்குவதே சரி.