பிஞ்சு மேனியில் மஞ்சள்

"காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்" என்பது பழமொழி. நம் வீடுகளில் நடப்பதோ இதற்கு நேர்மாறு. பச்சைக் குழந்தை மஞ்சளாகக் கிடக்கிறது; சுற்றி நிற்கும் பத்துப் பேர் கண்ணுக்கும் அது தெரிவதில்லை. தெரிந்தாலும், "பொறந்த பிள்ளைக்கு மஞ்சள் வரத்தான் செய்யும், தானாப் போயிடும்" என்று ஒரு பெரியவர் சொல்லிவிட்டால் அத்துடன் பேச்சு முடிந்தது.

அந்தப் பெரியவர் சொல்வது பொய்யல்ல. பெரும்பாலான குழந்தைகளுக்கு அது தானாகத்தான் போகிறது. போகாத அந்த ஒரு குழந்தையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

நான் செண்டாயான் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்தவள். லயத்தில் எங்கள் வீட்டுக்கு மூன்று கதவு தள்ளிப் பெரியம்மா வீடு. பெரியம்மாவின் மூத்த மகன் என்னைவிட ஆறு வயது பெரியவர். அண்ணன் நடந்து நான் பார்த்ததில்லை. கைகால்கள் அவர் விருப்பத்துக்கு அடங்காமல் முறுக்கிக்கொள்ளும். காது கேட்காது, பேச்சும் வராது. விடியற்காலையில் பெரட்டுக்குக் கிளம்புமுன் பெரியம்மா அவரைத் தூக்கித் திண்ணையில் சாய்த்து வைப்பார். நான் பள்ளி விட்டு வரும்போது தூரத்திலேயே என்னைக் கண்டு முகம் மலரச் சிரிப்பார். பாடப் புத்தகத்தைத் திறந்து படம் காட்டினால் ஒவ்வொன்றாக உற்றுப் பார்ப்பார். அவசரத்தில் ஒரு பக்கத்தைத் தாண்டிவிட்டால் முனகுவார். அந்தப் பக்கத்துக்குத் திரும்ப வேண்டும். உள்ளே அறிவு விளக்கு அணையாமல் எரிந்துகொண்டுதான் இருந்தது.

"ரெண்டாம் நாளே மஞ்சள் பூசின மாதிரி இருந்தான். நாலாம் நாள் பால் குடிக்கல. வீல் வீல்னு கத்தி, முதுகை வில்லு மாதிரி வளைச்சான்" என்று பெரியம்மா சொல்லிச் சொல்லி அழுவார். காற்றுக் கருப்பு என்றார்கள், மந்திரித்தார்கள், கயிறு கட்டினார்கள். அண்ணன் 28 வயதில் கண்ணை மூடினார். நான் ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்து, உடற்குறையுள்ள குழந்தைகளைப் பற்றிய பாடம் படித்தபோது, பெரியம்மா சொன்ன குறிகள் ஒன்றுகூட விடுபடாமல் அச்சில் இருந்தன. அந்த நோயின் பெயர் கெர்னிக்டெரஸ். அது காற்றுமல்ல, கருப்புமல்ல. உடம்பில் ஏறிய மஞ்சள் மூளைக்குள் புகுந்து விட்டுப்போன வடு.

மஞ்சள் எங்கிருந்து வருகிறது?

நம் இரத்தத்தின் சிவப்பணுக்கள் பழையன சிதைந்து புதியன பிறக்கின்றன. சிதையும் அணுக்களிலிருந்து மஞ்சள் நிறப் பொருள் ஒன்று வெளிப்படும். அதற்கு பிலிருபின் என்று பெயர். ஈரல் அதைப் பக்குவப்படுத்திப் பித்தத்தோடு சேர்த்து மலத்தில் தள்ளிவிடும். பிறந்த குழந்தைக்குச் சிவப்பணுக்கள் அதிகம். அவை விரைவாகவும் சிதைகின்றன. ஈரலோ இன்னும் வேலை பழகவில்லை. வரவு மிகுந்து செலவு குறைந்தால் கையில் தேங்கத்தானே செய்யும்? அப்படித் தேங்குவதுதான் மஞ்சள். இரண்டாம் மூன்றாம் நாளில் தலைகாட்டி, நான்காம் ஐந்தாம் நாளில் ஏறி, பிறகு மெல்ல வடிந்துவிடுவதே வழக்கம்.

சில குழந்தைகளுக்கு மட்டும் அது வடியாமல் ஏறிக்கொண்டே போகும். குறைமாதக் குழந்தை, தாயின் இரத்த வகையோடு ஒத்துப்போகாத இரத்த வகை உள்ள குழந்தை, பால் சரியாகக் குடிக்காமல் எடை இறங்கிய குழந்தை, கிருமி தொற்றிய குழந்தை ஆகியோருக்கு இந்த ஆபத்து அதிகம். மஞ்சள் ஓர் எல்லையைத் தாண்டினால் மூளையைத் தொடும். தொட்ட பின் திரும்ப வழியில்லை.

ஒரு தாதியின் கண்

இதற்கு மருந்து எப்படிக் கிடைத்தது என்பது தெரிந்துகொள்ள வேண்டிய கதை. 1956ஆம் ஆண்டு, இங்கிலாந்தின் எசெக்ஸ் மாவட்டத்து ரோச்ஃபோர்டு பொது மருத்துவமனை. குறைமாதக் குழந்தைகளின் பிரிவுக்குப் பொறுப்பாக வார்டு என்ற தலைமைத் தாதி இருந்தார். நல்ல வெயில் அடிக்கும் நாள்களில் குழந்தைகளைத் தொட்டிலோடு முற்றத்துக்குக் கொண்டுபோவது அவர் வழக்கம். ஒருநாள் அவர் மருத்துவர்களுக்கு ஒரு குழந்தையைக் காட்டினார். உடம்பெல்லாம் மஞ்சள் வெளுத்திருந்தது. முக்கோணமாக ஓரிடம் மட்டும் அழுத்தமான மஞ்சள். துணியின் முனை மூடியிருந்த இடம் அது. வெயில் பட்ட இடத்தில்தான் மஞ்சள் போயிருந்தது.

சில வாரம் கழித்து, மஞ்சள் கண்ட குழந்தையின் இரத்தக் குழாய் ஒன்று வெயில் விழும் சன்னல் ஓரத்தில் கிடந்துவிட்டது. பிறகு சோதித்தபோது அதில் பிலிருபின் அளவு மிகவும் குறைந்திருந்தது. கிரீமர் என்ற மருத்துவரும் அவருடைய துணைவர்களும் இந்த இரண்டையும் சேர்த்து யோசித்தார்கள். நீல ஒளி தரும் குழல் விளக்குகளைத் தொட்டிலின் மேல் பொருத்திப் பார்த்து, 1958இல் முடிவை வெளியிட்டார்கள். 1968இல் அமெரிக்காவில் லூசி என்ற மருத்துவரின் குழு, விளக்கொளி பெற்ற குறைமாதக் குழந்தைகளையும் பெறாத குழந்தைகளையும் ஒப்பிட்டு, ஒளியால் மஞ்சள் கட்டுப்படுவதைக் காட்டியது.

அந்த ஒளி என்ன செய்கிறது? தோலில் உள்ள பிலிருபினின் வடிவத்தை மாற்றுகிறது. மாறிய வடிவம் நீரில் கரையும். ஆகவே ஈரலுக்குக் காத்திராமல் பித்தத்திலும் சிறுநீரிலும் வெளியேறிவிடும். முன்பெல்லாம் மஞ்சள் ஏறினால் குழந்தையின் இரத்தத்தையே சிறிது சிறிதாக எடுத்து, வேறு இரத்தம் ஏற்றுவார்கள். இன்றும் மிக முற்றிய நிலையில் அதைச் செய்கிறார்கள். ஆனால் பெரும்பாலான குழந்தைகள் விளக்கிலேயே தேறிவிடுகிறார்கள்.

கண்ணால் பார்த்தால் போதுமா?

மஞ்சள் தலையில் தொடங்கிக் காலை நோக்கி இறங்கும் என்று 1969இல் கிராமர் என்ற மருத்துவர் எழுதினார். முகத்தில் மட்டும் இருந்தால் அளவு குறைவு. வயிறு, தொடை என்று இறங்க இறங்க அளவு கூடும். உள்ளங்கை, உள்ளங்கால் வரை வந்துவிட்டால் ஆபத்து. இன்றும் தாதியர் இப்படித்தான் முதலில் பார்க்கிறார்கள்.

ஆனால் கண் ஏமாற்றும். நம்மவர் மாநிறத் தோலில் மஞ்சள் மறைந்து நிற்கும். அதனால்தான் குதிகாலில் குத்தி ஒரு சொட்டு இரத்தம் எடுக்கிறார்கள். குத்தாமலே நெற்றியில் வைத்துத் தோலின் நிறத்தை அளக்கும் கருவியை 1980இல் ஜப்பானில் யாமனோவுச்சி என்ற மருத்துவர் அறிமுகப்படுத்தினார். அந்த வகைக் கருவிகளை நம் நாட்டிலும் மருத்துவர்கள் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அதில் அளவு கூடுதலாகக் காட்டினால் இரத்தச் சோதனை செய்து உறுதிப்படுத்துவார்கள்.

அளந்த எண்ணை எப்படிப் படிப்பது? 1999இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் மருத்துவர் வினோத் பூட்டானியும் அவர் குழுவினரும் 2,840 குழந்தைகளின் அளவுகளை வைத்து ஒரு கோட்டுப்படம் வரைந்தார்கள். அது சொல்வது இதுதான்: ஒரே எண் முதல் நாளில் ஆபத்தாகவும் ஐந்தாம் நாளில் சாதாரணமாகவும் இருக்கும். குழந்தை பிறந்து எத்தனை மணி நேரம் ஆகிறது என்று பார்த்துத்தான் எண்ணைப் படிக்க வேண்டும். மருத்துவமனையில் பிறந்த நேரத்தைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்களே என்று சலித்துக்கொள்கிறோம். காரணம் இதுதான்.

தொப்புள்கொடிச் சோதனை

நம் நாட்டில் பிறக்கும் குழந்தையின் தொப்புள்கொடி இரத்தத்தில் ஜி-6-பி-டி என்ற சோதனை செய்வார்கள். சிவப்பணுவைக் காக்கும் ஒரு பொருளின் பெயர் அது. அது குறைவாக உள்ள குழந்தைக்குச் சிவப்பணுக்கள் எளிதில் உடையும். மஞ்சள் திடீரென்று ஏறும். இந்தக் குறை தாய்வழியாக வருவது; ஆண் குழந்தைகளிடம் அதிகம். சிங்கப்பூரில் பேராசிரியர் வோங் ஹொக் பூன் இந்தக் குறைக்கும் மூளையைத் தாக்கும் மஞ்சளுக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தார். அங்கே 1965 முதலே எல்லாக் குழந்தைகளையும் சோதிக்கத் தொடங்கினார்கள்.

சீனர், மலாய்க்காரரைவிட நம்மவரிடம் இந்தக் குறை அரிது. அரிது என்றால் இல்லை என்று பொருளல்ல. குறை இருப்பதாகச் சொன்னால் பயப்பட வேண்டாம். குழந்தையைச் சில நாள் மருத்துவமனையிலேயே வைத்துப் பார்ப்பார்கள். வீட்டில் துணிகளுக்குள் போடும் பாச்சை உருண்டையை, உபாட் கெகாட் என்று கடையில் விற்பதை, அந்தக் குழந்தையின் அருகில் கொண்டுவரவே கூடாது. பரணில் உருண்டை போட்டு வைத்த பழைய தொட்டில் துணியும் வேண்டாம். நாட்டு மருந்தும் கூடாது.

நம் வீட்டுப் பழக்கங்கள்

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் படித்த பெண் ஒருத்திக்கு ஆண் குழந்தை பிறந்தது. நான்காம் நாள் பார்க்கப் போனேன். தாய்க்கும் பிள்ளைக்கும் காற்றுப் படக்கூடாதென்று சன்னலைச் சாத்தித் திரை போட்டிருந்தார்கள். குழந்தைக்குப் பயற்றமாவும் மஞ்சளும் தேய்த்துக் குளிப்பாட்டியிருந்தார்கள்.

"பிள்ளை ரொம்ப சாது டீச்சர். எழுப்பினாத்தான் பால் குடிக்குது" என்றார் பாட்டி பெருமையாக.

எனக்கு நெஞ்சு திடுக்கிட்டது. "பாட்டி, கோவிச்சுக்காதீங்க" என்று சொல்லிச் சன்னலைத் திறந்தேன். குழந்தையின் மார்பில் விரலால் மெல்ல அழுத்தி எடுத்தேன். விரல் பட்ட இடம் மஞ்சள். தொடையும் மஞ்சள். கண்ணின் வெள்ளையும் அப்படியே.

"குளிப்பாட்டின மஞ்சளா இருக்கும்" என்றார் பாட்டி.

"கண்ணுக்குள்ளயுமா பாட்டி மஞ்சள் பூசினீங்க?"

அதற்கு மேல் அவர் ஒன்றும் பேசவில்லை. அன்று மாலையே கிளினிக்கில் இரத்தம் எடுத்தார்கள். எண் 300ஐத் தாண்டியிருந்தது. உடனே சிரம்பான் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். உடம்பில் துணியில்லாமல், கண்ணைக் கட்டி, நீல விளக்கின் கீழ் பேரனைக் கண்டதும் பாட்டி குலுங்கி அழுதார். கண்ணைக் கட்டுவது வெளிச்சம் கூசாமலிருக்க. துணி இல்லாதது தோல் முழுவதும் ஒளி படுவதற்கு. மூன்றாம் நாள் வீடு திரும்பினார்கள். அந்தப் பிள்ளை இன்று எங்கள் பள்ளி வராந்தாவில் ஓடக்கூடாது என்றாலும் ஓடுகிறான்.

பாட்டியை நான் குறை சொல்லவில்லை. பிள்ளை மேல் அவருக்கு உள்ள பாசம் என்னைவிடப் பெரிது. இருட்டறையும் பூசு மஞ்சளும் சேர்ந்து அவர் கண்ணை மறைத்துவிட்டன. சேனை வைப்பதும் சர்க்கரைத் தண்ணீர் கொடுப்பதும் அப்படித்தான். தண்ணீரில் வயிறு நிறைந்தால் பால் இறங்காது. பால் இறங்காவிட்டால் மலம் போகாது. மலம் போகாவிட்டால் மஞ்சளும் போகாது. ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை தாய்ப்பால் கொடுப்பதே குழந்தைக்கு வேண்டியது.

இன்னொரு கேள்வி வரும். "வெயிலில் காட்டினால் போகும் என்று வெள்ளைக்காரத் தாதியே கண்டாரே, நாமும் காட்டினால் என்ன?" நியாயமான கேள்விதான். ஆனால் நம் ஊர் வெயில் இளந்தோலைச் சுடும். உடம்பின் நீரை வற்றவைக்கும். பத்து நிமிட வெயிலில் கிடைக்கும் ஒளியும் போதாது. நைஜீரியாவில் விளக்கு வசதி குறைந்த இடங்களில், சுடும் கதிர்களை வடிகட்டும் தாளைக் கூரையாகக் கட்டி, அடியில் குழந்தைகளை வைத்துச் செய்த ஆராய்ச்சி 2015இல் வெளிவந்தது. அது பலன் தந்தது. அங்கே மருத்துவப் பணியாளர்கள் பக்கத்தில் இருந்து குழந்தையின் உடல் வெப்பத்தை அளந்துகொண்டே இருந்தார்கள். நம் வாசல் வெயிலும் அதுவும் ஒன்றல்ல. நம் சுகாதார அமைச்சின் 2014ஆம் ஆண்டு வழிகாட்டியும் வெயில் வைத்தியம் வேண்டாம் என்றே சொல்கிறது. வெயிலை நம்பிக் காத்திருக்கும் இரண்டு நாள்தான் மிகப் பெரிய ஆபத்து.

தாய்மார்கள் கவனிக்க வேண்டியவை

முதல் வாரம் நாள்தோறும், சன்னலைத் திறந்து, பகல் வெளிச்சத்தில் குழந்தையைத் தலை முதல் கால் வரை பாருங்கள். ஈறு, கண்ணின் வெள்ளை, உள்ளங்கால் இவற்றையும் பாருங்கள்.

பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தால் அது சாதாரண மஞ்சள் அல்ல. உடனே காட்ட வேண்டும்.

மஞ்சள் வயிறு, தொடை என்று இறங்கினாலும், குழந்தை சரியாகப் பால் குடிக்காவிட்டாலும், எழுப்ப எழுப்பத் தூங்கினாலும் அன்றைக்கே கிளினிக்குக்குப் போங்கள். கீச்சென்று அழுதாலோ, முதுகை வளைத்தாலோ, காய்ச்சல் கண்டாலோ கிளினிக்கில் வரிசையில் நிற்க வேண்டாம். நேரே மருத்துவமனைக்குப் போங்கள்.

நிறைமாதக் குழந்தைக்கு 14 நாளுக்கு மேலும் மஞ்சள் நீடித்தால் மீண்டும் காட்டுங்கள். மலம் வெளுத்துச் சுண்ணாம்பு போலவும் சிறுநீர் அடர்நிறமாகவும் இருந்தால் பித்தக் குழாய் அடைப்பாக இருக்கலாம். அதற்கு அறுவைச் சிகிச்சையை இரண்டு மாதத்துக்குள் செய்வது நல்லது.

வீடு தேடி வரும் தாதியை வாசலில் நிறுத்தி, "பிள்ளை தூங்குது, நாளைக்கு வாங்க" என்று அனுப்பிவிடாதீர்கள். எழுப்பிக் காட்டுங்கள். அவர் வராவிட்டால் நீங்கள் போங்கள்.

செண்டாயானில் பால் மரங்கள் நின்ற இடமெல்லாம் இன்று வரிசை வீடுகள். பெரியம்மாவின் திண்ணை இருந்த இடம்கூட எனக்கு அடையாளம் தெரியவில்லை. பக்கத்தைத் தாண்டினால் முனகிய அந்த அண்ணன், காது மட்டும் கேட்டிருந்தால், கை மட்டும் அடங்கியிருந்தால், எங்கள் லயத்திலிருந்து முதலில் ஆசிரியராகியிருப்பார் என்று இன்றும் நினைக்கிறேன். அவருக்கு வேண்டியிருந்தது ஒரு சொட்டு இரத்தச் சோதனையும் இரண்டு நாள் விளக்கொளியும். இன்று அவை நமக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. சன்னலைத் திறந்து பார்ப்பது நம் வேலை.