விமானத்தில் ஆசனம்: குடும்பம் பிரியாமல் அமர...



கொச்சிக்கடை, கொட்டாஞ்சேனைப் பகுதிகளில் வாழும் நமது குடும்பங்களுக்கு விமானப் பிரயாணம் இன்று அபூர்வமானதல்ல. உம்றாவுக்கும், வளைகுடாவில் தொழில் புரியும் கணவரிடத்துக்கும், வைத்தியத்துக்காகச் சென்னைக்கும் நம் பெண்கள் சென்று வருகிறார்கள். டிக்கட், விசா, பொதிகளின் நிறை என எல்லாவற்றையும் கவனிக்கும் நாம், விமானத்துக்குள் யார் அருகில் யார் அமர்வது என்பதை மட்டும் மறந்துவிடுகிறோம். தாய் ஓரிடத்திலும் நான்கு வயதுப் பிள்ளை வேறிடத்திலும், வயோதிப உம்மா அந்நிய ஆடவர் இருவருக்கு நடுவிலும் அமர நேர்ந்த பின்புதான் அதன் கஷ்டம் விளங்குகிறது.

நமக்குப் பழக்கமானது பஸ்ஸும் ரயிலும். முந்தி ஏறியவருக்கு ஆசனம். ஜன்னலால் லேஞ்சியைப் போட்டு இடம் பிடிப்பவர்களும் உண்டு. விமானங்களிலும் இம்முறை இருந்தது. அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் நிறுவனம் 1971இல் பறக்கத் தொடங்கிய காலத்திலிருந்தே ஆசன இலக்கம் கொடுக்கவில்லை. பிற்காலத்தில் பிரயாணிகளை ஏ, பி, சி என்று பிரித்து, வரிசை இலக்கப்படி ஏற்றியது. உள்ளே சென்றவர் விரும்பிய இடத்தில் அமர்ந்தார். இந்தியாவில் 2003இல் தொடங்கிய எயார் டெக்கானும் அவ்வாறே செய்தது. ஆசனம் தேடி நிற்க நேரமில்லாததால் மக்கள் விரைவாக ஏறி அமர்வார்கள், விமானமும் தாமதிக்காது என்பதே அதன் நோக்கம்.

ஆனால் அந்த முறை மறைந்து வருகிறது. ஈஸிஜெட் 2012இல் அதைக் கைவிட்டது. சவுத்வெஸ்ட் நிறுவனமும் 2026 ஜனவரி 27 முதல் ஆசன இலக்கத்துக்கு மாறிவிட்டது. ஆகவே இன்று விமான வாசலில் முண்டியடிப்பதால் பயனில்லை. முந்த வேண்டிய இடம் அதற்கு வெகு முன்னால் இருக்கிறது.

முதலாவது, டிக்கட் எடுக்கும்போது

நமது சமூகத்தில் மனைவி தன் தந்தையின் பெயரையே தொடர்ந்து வைத்திருக்கிறாள். கடவுச்சீட்டில் கணவனுக்கு ஒரு பெயர், மனைவிக்கு வேறு பெயர், உம்மாவுக்கு இன்னொன்று. இவர்கள் ஒரே குடும்பம் என்று கம்பியூட்டருக்கு எப்படித் தெரியும்? அதற்குத் தெரிந்தது ஆறு எழுத்துகளாலோ இலக்கங்களாலோ ஆன பதிவு இலக்கம் ஒன்றுதான். எனவே எல்லோருக்கும் ஒரே பதிவு இலக்கத்தில் டிக்கட் எடுக்கும்படி முகவரிடம் கேளுங்கள். தனித்தனியாக எடுத்திருந்தால், அவற்றை ஒன்றோடொன்று இணைத்துக் குறிக்கும்படி விமான நிறுவனத்திடம் சொல்லுங்கள். உம்றாக் குழுவில் செல்வோர் குழுத் தலைவரிடம் இதை முன்கூட்டியே நினைவூட்டுவது நல்லது.

இரண்டாவது, செக்-இன்

அநேக நிறுவனங்களில் புறப்படுவதற்கு முதல் நாளே கைத்தொலைபேசியில் செக்-இன் செய்யலாம். சேர்ந்தாற்போல் உள்ள ஆசனங்கள் அப்போதுதான் மிஞ்சியிருக்கும். மலிவான டிக்கட்டுகளில் ஆசனத்தைத் தெரிவு செய்யத் தனிக் கட்டணம் கேட்பார்கள். எல்லோருக்கும் கட்ட வசதியில்லையெனில், பிள்ளைக்கும் தாய்க்கும் மட்டுமாவது கட்டுவது புத்தி.

கவுண்டருக்குச் செல்பவர்கள் மூன்று மணித்தியாலத்துக்கு முன்பே கட்டுநாயக்கவை அடைந்துவிடுங்கள். 2013இல் திறக்கப்பட்ட அதிவேகப் பாதை பேலியகொடையிலிருந்துதான் ஆரம்பமாகிறது; அதுவரையுள்ள நெரிசலுக்கும் நேரம் ஒதுக்க வேண்டும். பல நிறுவனங்கள் புறப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் முன்னரே கவுண்டரை மூடிவிடும். போர்டிங் பாஸ் கைக்கு வந்ததும் அங்கேயே ஆசன இலக்கங்களைப் பாருங்கள். இலக்கம் வரிசையையும், எழுத்து அவ்வரிசையில் உள்ள இடத்தையும் காட்டும். 21ஏ, 21பி அடுத்தடுத்தவை. 21ஏ, 27ஏ அப்படியல்ல. பிரிந்திருந்தால், "பிள்ளை சிறியது" என்று அமைதியாகச் சொல்லுங்கள். கவுண்டரை விட்டு விலகிய பின் திருத்துவது சிரமம். அவசர வாயில் வரிசையைக் கேட்க வேண்டாம். சிறுவர்களையும் கர்ப்பிணிகளையும் அங்கே அமர்த்த மாட்டார்கள்.

மூன்றாவது, ஏறும்போது

கைக்குழந்தை உள்ளவர்களையும் நடக்க இயலாதவர்களையும் பெரும்பாலும் முதலில் அழைப்பார்கள். கூச்சப்படாமல் எழுந்து செல்லுங்கள். எங்கேனும் இலக்கமில்லாத விமானத்தில் ஏற நேர்ந்தால், முன்வரிசைகளில் தேடி நிற்காமல் நேரே பின்பக்கம் செல்லுங்கள். சேர்ந்த ஆசனங்கள் அங்கேதான் கடைசிவரை மிஞ்சும்.

இவ்வளவுக்குப் பின்னும் பிரிந்துவிட்டால், மாற்றித் தரும்படி கேட்பதில் தவறில்லை. ஆனால் அமர்ந்திருப்பவரை எழுப்பிவிட்டு அவ்விடத்தில் அமர்வதை நபியவர்கள் தடுத்திருக்கிறார்கள் என்பது நாமறிந்ததே. பிறருடைய ஆசனத்தில் முதலில் அமர்ந்துகொண்டு பின்னர் அனுமதி கேட்பதும் அதைப் போன்றதுதான். நடு ஆசனத்தைக் கொடுத்து ஜன்னலோரத்தைக் கேட்பதும் நியாயமாகாது. அதற்கு ஈடான இடத்தையே கொடுக்க வேண்டும். அவர் மறுத்தால் முகம் கோணாதீர்கள், பணிப்பெண்ணிடம் சொல்லுங்கள். இன்னொரு தாய் உங்களிடம் கேட்டால், இயன்றவரை எழுந்து கொடுங்கள்.

பிரயாணத்துக்கு நாள் குறித்துவிட்ட சகோதரிகள் இன்றே டிக்கட்டை எடுத்து, எல்லோருக்கும் ஒரே பதிவு இலக்கம்தானா என்று பாருங்கள். அல்லாஹ் உங்கள் பிரயாணத்தை இலேசாக்குவானாக!