கைக்கடிகாரமே கார் சாவி: மின்சாரக் கார் வைத்திருக்கும் குடும்பங்கள் அறிய வேண்டியவை

கார் சாவி என்றால் சட்டைப் பையில் கனக்கும் ஓர் இரும்புத் துண்டு என்றிருந்த காலம் போய், பொத்தான் வைத்த ரிமோட் வந்தது. பிறகு கைபேசியே சாவியானது. இப்போது மணிக்கட்டில் கட்டியிருக்கும் ஸ்மார்ட் வாட்ச்சும் சாவியாகிவிட்டது.

2024 டிசம்பரில் டெஸ்லா நிறுவனம் ஆப்பிள் வாட்ச்சுக்கென ஒரு செயலியை வெளியிட்டது. அதைக் காருடன் இணைத்துவிட்டால் கைபேசியை வீட்டில் வைத்துவிட்டு, கடிகாரத்தை மட்டும் கட்டிக்கொண்டு போய்க் கதவைத் திறக்கலாம், காரை ஓட்டலாம், இறங்கிப் பூட்டலாம். 2025 ஜனவரியில் விற்பனைக்கு வந்த ஹூண்டாய் கிரெட்டா எலெக்ட்ரிக் காரிலும் கைபேசி அல்லது ஸ்மார்ட் வாட்ச்சைச் சாவியாகப் பயன்படுத்தும் 'டிஜிட்டல் கீ' வசதி உண்டு. சென்னைக்கு அருகில் இருங்காட்டுக்கோட்டையில் தயாராகும் கார் அது. டெஸ்லாவும் 2025 ஜூலையில் மும்பையில் கடை திறந்து இந்தியாவுக்குள் வந்துவிட்டது. வளைகுடா நாடுகளில் வசிக்கும் நம் குடும்பங்களுக்கோ இந்தக் கார்கள் ஏற்கெனவே பழக்கமானவை.

வசதி நல்லதுதான். ஆனால் வீட்டில் எல்லோரும் ஏறி இறங்கும் வாகனம் ஒருவர் மணிக்கட்டில் கட்டிய கருவியை நம்பி நிற்கும்போது, யோசிக்க வேண்டியவையும் சில இருக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இது சாவி அல்ல, அனுமதி

பழைய சாவி ஒரு பொருள். அது யார் கையில் இருக்கிறதோ அவரால் காரைத் திறக்க முடியும். டிஜிட்டல் சாவி அப்படியல்ல. கடிகாரத்தைக் காருடன் முதன்முறை இணைக்கும்போது, கடிகாரத்துக்குள் ஒரு ரகசிய எண் உருவாகிறது. அந்த ரகசியம் கடிகாரத்தை விட்டு வெளியே வருவதில்லை. அதைச் சரிபார்ப்பதற்கான இன்னோர் எண்ணைக் கார் தன் நினைவில் பதித்துக்கொள்கிறது.

பிறகு ஒவ்வொரு முறை நாம் காரை நெருங்கும்போதும் கார் ஒரு புதிய கேள்வி கேட்கிறது. தன்னிடமுள்ள ரகசியத்தைக் கொண்டு கடிகாரம் பதில் சொல்கிறது. பதில் பொருந்தினால் கதவு திறக்கும். கேள்வி ஒவ்வொரு முறையும் மாறுவதால், நேற்றைய பதிலை யாராவது ஒட்டுக்கேட்டு வைத்திருந்தாலும் இன்று அதனால் பயனில்லை.

ஆகவே உண்மையான 'சாவி' என்பது, காரின் நினைவில் இருக்கும் அனுமதிப் பட்டியல்தான். அந்தப் பட்டியலில் யார் யார் இருக்கிறார்கள் என்பதை அறிந்து வைத்திருப்பதே காரின் உரிமையாளருடைய முதல் பொறுப்பு. டெஸ்லா கார்களில் அட்டை, கைபேசி, கடிகாரம் எல்லாம் சேர்த்து 19 சாவிகள் வரை பதிய முடியும். அத்தனை பேர் கையில் நம் கார் இருக்க வேண்டுமா என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும்.

காரும் கடிகாரமும் பேசும் மூன்று வழிகள்

முதலாவது என்.எஃப்.சி. கடையில் கார்டைத் தொட்டுப் பணம் செலுத்துகிறோமே, அதே முறை. சுமார் 4 சென்டிமீட்டர் தூரத்துக்குள் கொண்டுவந்தால்தான் வேலை செய்யும். கிரெட்டா எலெக்ட்ரிக்கின் டிஜிட்டல் கீ இந்த வகையைச் சேர்ந்தது. கதவுக் கைப்பிடியில் தொட்டுத் திறக்க வேண்டும்.

இரண்டாவது புளூடூத். டெஸ்லாவின் கடிகாரச் சாவி இதை நம்புகிறது. தொட வேண்டியதில்லை. நாம் பக்கத்தில் போனாலே கார் அடையாளம் கண்டுகொள்ளும், விலகிப் போனால் பூட்டிக்கொள்ளும். கை நிறையப் பைகளும் இடுப்பில் குழந்தையுமாக வரும் தாய்மார்களுக்கு இது பெரிய உதவி.

மூன்றாவது அல்ட்ரா வைடுபேண்ட். ரேடியோ அலை நூறு கோடியில் ஒரு விநாடிக்குச் சுமார் 30 சென்டிமீட்டர் பயணம் செய்கிறது. அலை போய்த் திரும்பும் நேரத்தை அளந்து, கடிகாரம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கார் துல்லியமாகக் கணக்கிடுகிறது. ஆப்பிள் வாட்ச்சில் இதற்கான சில்லு 2020-இல் வந்த சீரிஸ் 6 முதல் இருக்கிறது. காரிலும் அந்த வசதி இருந்தால்தான் பயன்.

கார் வாங்கும்போது "டிஜிட்டல் கீ இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டால் போதாது. "மூன்றில் எந்த முறை? நாங்கள் வாங்கும் வேரியண்ட்டில் உண்டா? எங்கள் கடிகாரத்தில் வேலை செய்யுமா?" என்று விற்பனையாளரிடம் கேட்டு, கடையிலேயே செய்துகாட்டச் சொல்ல வேண்டும். மேல்நிலை வேரியண்ட்டில் மட்டும் தரப்படும் வசதியை, எல்லாவற்றிலும் இருப்பதாக நினைத்து ஏமாறுவோர் உண்டு.

மின்சாரக் காரில் கூடுதல் பயன் என்ன?

பெட்ரோல் காரை மூடிய கொட்டகைக்குள் ஸ்டார்ட் செய்து ஏ.சி. போட்டு வைப்பது உயிருக்கே ஆபத்து. புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு அங்கேயே தேங்கிவிடும். மின்சாரக் காரில் எஞ்சின் இல்லை, புகையும் இல்லை. எனவே மே மாத வெயிலில் நின்ற காரை, புறப்படப் பத்து நிமிடம் முன்பு கடிகாரத்திலிருந்தே குளிர்விக்கச் சொல்லலாம். வயதான பெற்றோரையோ கைக்குழந்தையையோ கொதிக்கும் இருக்கையில் உட்கார வைக்க வேண்டியதில்லை. கார் அந்த நேரம் சார்ஜரில் இணைந்திருந்தால், குளிர்விக்கும் மின்சாரம் பெரும்பாலும் வீட்டு இணைப்பிலிருந்தே வந்துவிடும். ஓடும் தூரம் குறையாது.

பேட்டரியில் எவ்வளவு சார்ஜ் இருக்கிறது என்று மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்துக்கொள்வதும் இதன் இன்னொரு பயன்.

ஒரு வேறுபாட்டை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். பக்கத்தில் நின்று கதவைத் திறப்பது புளூடூத் அல்லது என்.எஃப்.சி. வழியாக நேரடியாக நடப்பது. அதற்கு இணையம் தேவையில்லை. தொலைவிலிருந்து ஏ.சி. போடுவது இணையம் வழியாக நடப்பது. திருமண மண்டபத்தின் பேஸ்மென்ட்டில் டவர் கிடைக்காதபோது, அருகில் போனால் கார் திறக்கும். ஆனால் மாடியில் இருந்தபடி குளிர்விக்க முடியாமல் போகலாம்.

எப்போது கைவிடும்?

ஸ்மார்ட் வாட்ச்சின் பேட்டரி சிறியது. வழக்கமான ஆப்பிள் வாட்ச் ஒரு முறை சார்ஜ் செய்தால் 18 மணி நேரம் வரும் என்றுதான் அந்நிறுவனமே பல ஆண்டுகளாகச் சொல்லி வந்தது. காலை ஃபஜ்ருக்குக் கட்டிய கடிகாரம், இரவு உறவினர் வீட்டு விருந்து முடிந்து திரும்பும் நேரத்தில் அணைந்து போயிருக்கலாம். நடுச்சாலையில், பெண்களும் பிள்ளைகளும் காருக்கு வெளியே நிற்கும் நிலை வந்துவிடக் கூடாது.

உளூ செய்யும்போது நாம் கடிகாரத்தைக் கழற்றி ஹவுளின் விளிம்பிலோ குழாய்க்கு மேலுள்ள திண்டிலோ வைக்கிறோம். சாதாரணக் கடிகாரத்தை மறந்தால் ஒரு பொருள்தான் போகும். இதை மறந்தால் கார் சாவியையே பள்ளிவாசலில் விட்டுவிட்டு வந்ததாக ஆகும். எனவே கடிகாரத்தில் கடவுக்குறியீடு போட்டு, மணிக்கட்டிலிருந்து எடுத்தவுடன் பூட்டிக்கொள்ளும் அமைப்பை இயக்கி வைப்பது அவசியம். பூட்டிய நிலையில் நம் கடிகாரம் காரைத் திறக்கிறதா இல்லையா என்பதையும் ஒரு முறை வீட்டு வாசலிலேயே சோதித்துப் பார்த்துவிட வேண்டும். தொழுகை நேரத்தில் கடிகாரத்தை ஏரோபிளேன் மோடில் போடும் பழக்கம் உள்ளவர்கள், வெளியே வந்ததும் புளூடூத் மீண்டும் இயங்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

கடிகாரம் சரியாக இருந்தும் கார் திறக்காமல் போக ஒரு காரணம் உண்டு. மின்சாரக் காரில் ஓட்டத்துக்கான பெரிய பேட்டரி தவிர, கதவு, விளக்கு போன்றவற்றை இயக்க ஒரு சிறிய பேட்டரியும் இருக்கும். அது செத்துவிட்டால் டிஜிட்டல் சாவிக்குப் பதில் சொல்லக் காரில் உயிர் இருக்காது. பல கார்களின் ரிமோட்டுக்குள் ஒரு சிறிய உலோகச் சாவி மறைந்திருக்கும். அதைக் கொண்டு கதவைத் திறக்கலாம். டெஸ்லா மாடல் 3 போன்றவற்றில் சாவித் துவாரமே கிடையாது. முன்பக்க பம்பரில் உள்ள சிறிய மூடியைக் கழற்றி, வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்து முன் மூடியைத் திறக்க வேண்டும். உங்கள் காரில் இது எப்படி என்பதைக் கையேட்டில் இன்றே படித்து வையுங்கள். உள்ளிருந்து கதவைக் கையால் திறக்கும் நெம்புகோல் எங்கே இருக்கிறது என்பதை, காரில் ஏறும் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் காட்டிக் கொடுங்கள்.

திருடர்கள் இதை ஏமாற்ற முடியுமா?

ரகசிய எண்ணை உடைப்பது மிகக் கடினம். ஆனால் தூரத்தை ஏமாற்றலாம். திருடர்கள் இருவர் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் காருக்கு அருகில் ஒரு கருவியுடன் நிற்கிறார். இன்னொருவர் நம் வீட்டுச் சுவரோரம், கடிகாரம் இருக்கும் அறைக்குப் பக்கத்தில் நிற்கிறார். கார் கேட்கும் கேள்வியை முதல் கருவி வாங்கி இரண்டாவதற்கு அனுப்புகிறது. கடிகாரத்தின் பதில் அதே வழியில் திரும்பி வருகிறது. உரிமையாளர் பக்கத்தில் நிற்பதாகக் கார் நினைத்துத் திறந்துவிடுகிறது. இதற்கு ரிலே தாக்குதல் என்று பெயர். 2022 மே மாதம் என்.சி.சி. குரூப் என்ற பாதுகாப்பு ஆய்வு நிறுவனம், புளூடூத் சாவியுள்ள டெஸ்லா மாடல் 3 காரை இந்த முறையில் திறந்து ஓட்ட முடியும் என்று செய்து காட்டியது.

அல்ட்ரா வைடுபேண்ட் முறை நேரத்தை அளப்பதால், சுற்றி வரும் பதில் தாமதமாகி மாட்டிக்கொள்ளும். என்.எஃப்.சி. முறையில் கடிகாரத்துக்கு ஒட்டியே வர வேண்டியிருப்பதால் திருடனுக்குச் சிரமம் அதிகம். புளூடூத் மட்டும் உள்ளவர்கள், ஓட்டும் முன் நான்கு இலக்க எண்ணைத் திரையில் அழுத்தச் சொல்லும் அமைப்பு காரில் இருந்தால் அதை இயக்கி வைக்க வேண்டும். டெஸ்லாவில் இது உண்டு. தினமும் மூன்று விநாடி கூடுதலாக ஆகும், அவ்வளவுதான். கதவைத் திறந்தவனாலும் காரை நகர்த்த முடியாது.

வீட்டில் யார் கையில் சாவி?

பல வீடுகளில் கார் குடும்பத் தலைவரின் பெயரில் இருக்கும், அவரோ துபாயிலோ ரியாத்திலோ இருப்பார். செயலியின் கணக்கும் அவருடைய வெளிநாட்டு எண்ணில் இருந்தால், ஊரில் உள்ள மனைவி புதிய கைபேசியையோ கடிகாரத்தையோ இணைக்க முயலும்போது சரிபார்ப்பு எண் அங்கே போகும். அவர் பணியில் இருந்தால் இங்கே காத்திருக்க வேண்டும். நள்ளிரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று மருத்துவமனைக்குக் கிளம்பும் நேரத்தில் இந்தக் காத்திருப்பு வரக் கூடாது. எனவே காரை உண்மையில் ஓட்டுபவர் தம் பெயரிலேயே ஓட்டுநராகச் சேர்க்கப்பட வேண்டும். அவர் கையில் அட்டையோ ரிமோட்டோ தனியாக இருக்க வேண்டும்.

செயலியில் கார் எங்கே நிற்கிறது என்பதும் தெரியும். பிள்ளைகளின் பாதுகாப்புக்கு அது உதவும். ஆனால் பெரியவர்களின் ஒவ்வொரு பயணத்தையும் அவர்கள் அறியாமல் பார்த்துக்கொண்டிருப்பது நம்பிக்கையைக் கெடுக்கும். யார் எதைப் பார்க்க முடியும் என்பதைக் குடும்பத்தில் வெளிப்படையாகப் பேசி வைத்துக்கொள்வது நல்லது.

ஓட்டுநர் உரிமம் இல்லாத பிள்ளைகளின் கடிகாரத்தில் ஒருபோதும் கார் சாவியைச் சேர்க்காதீர்கள். சாவி உள்ள கடிகாரத்தைச் சிறு குழந்தைகளுக்கு விளையாடக் கொடுப்பதும் கூடாது. வெயிலில் நிற்கும் காருக்குள் குழந்தை ஏறி அடைபட்டுக்கொள்ள சில நிமிடங்கள் போதும்.

தொலைந்தால், விற்றால்

கடிகாரம் தொலைந்தால் செய்ய வேண்டியவை இரண்டு. கைபேசியிலிருந்து கடிகாரத்தைத் 'தொலைந்தது' என்று குறித்துப் பூட்ட வேண்டும். பிறகு காரின் சாவிப் பட்டியலுக்குப் போய் அந்தச் சாவியை நீக்க வேண்டும். முதலாவதை மட்டும் செய்துவிட்டு விட்டுவிடக் கூடாது. டெஸ்லாவில் ஒரு சாவியை நீக்க, காருக்குள் அட்டையை வைத்து உறுதி செய்ய வேண்டும். அட்டையைப் பத்திரமாக வைத்திருக்க இதுவும் ஒரு காரணம்.

பழைய கடிகாரத்தை விற்கும்போதும், வேலைக்கு வைத்திருந்த ஓட்டுநர் விலகும்போதும் பட்டியலிலிருந்து நீக்குவது முக்கியம். பயன்படுத்திய மின்சாரக் கார் வாங்குவோர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். முந்தைய உரிமையாளர் தம் கணக்கிலிருந்து காரை விடுவித்துவிட்டாரா, பழைய சாவிகள் எல்லாம் நீக்கப்பட்டனவா என்று பார்த்த பிறகே முழுப் பணத்தையும் கொடுங்கள்.

கார் திருட்டுப் போனால் காப்பீட்டு நிறுவனங்கள் அசல் சாவிகளை ஒப்படைக்கச் சொல்வது வழக்கம். கடிகாரம் இருக்கிறதே என்று காருடன் வந்த அட்டைகளையும் ரிமோட்டுகளையும் அலட்சியமாகப் போட்டுவிட்டால், அன்றைக்குப் பதில் சொல்வது சிரமமாகிவிடும்.

இந்த வாரமே செய்ய வேண்டியவை

காரின் சாவிப் பட்டியலைத் திறந்து, தெரியாத பெயர் ஒன்றாவது இருக்கிறதா என்று பாருங்கள். ஓட்டும் முன் கேட்கும் எண் வசதியை இயக்குங்கள். ஓர் அட்டையைப் பணப்பையில் வையுங்கள், இன்னொன்றை வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் வையுங்கள். அதைக் காருக்குள்ளேயே வைத்துவிடாதீர்கள். கைபேசியும் கடிகாரமும் இல்லாமல், அட்டையை மட்டும் வைத்துக் காரைத் திறந்து ஓட்ட வீட்டில் ஓட்டத் தெரிந்த ஒவ்வொருவரும் ஒரு முறை பழகிக்கொள்ளட்டும். இதற்கெல்லாம் அரை மணி நேரம் போதும். அதன் பிறகு கடிகாரத்தை நம்பி வெளியே கிளம்பலாம்.