அணையாத பிரேக் விளக்கு

காரின் பின்புறச் சிவப்புக் கண்ணாடிக்குள் இரண்டு செய்திகள் குடியிருக்கின்றன. ஒன்று, இங்கே ஒரு வண்டி இருக்கிறது என்பது. மற்றது, அந்த வண்டி வேகத்தைக் குறைக்கிறது என்பது. பழைய வகை பல்பு ஒன்றிலேயே இதற்கு இரண்டு இழைகள் உண்டு: இரவில் எரியும் 5 வாட் இழை, பிரேக்கை மிதிக்கும்போது எரியும் 21 வாட் இழை. பின்னால் வருபவர் வாட் கணக்குப் பார்ப்பதில்லை. மங்கலாக இருந்த சிவப்பு சட்டென்று பிரகாசமாகும் அந்தக் கணத்தைத்தான் அவர் கண் பிடிக்கிறது, அதைக் கண்டதும் கால் பிரேக்குக்குப் போகிறது. விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால் அப்படியொரு கணமே கிடையாது. ஓயாமல் அடிக்கும் பள்ளி மணியைக் கேட்டு எந்தப் பாடவேளை முடிந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. பிரேக் விளக்கு எரியாவிட்டால் ஆபத்து என்று ஒப்புக்கொள்பவர்கள் பலர், அணையாத விளக்கை மட்டும் "எரியத்தானே செய்கிறது" என்று தள்ளிப்போடுகிறார்கள். பின்னால் வருபவருக்கு இரண்டும் ஒன்றுதான்: முன்னால் போகும் வண்டி எப்போது நிற்கப்போகிறது என்று இரண்டு நிலையிலும் அவருக்குத் தெரியாது.

விளக்கின் மதிப்பு வெளிச்சத்தில் இல்லை, அது தரும் செய்தியில்தான் இருக்கிறது என்பதற்கு அமெரிக்காவில் நல்ல சான்று உண்டு. 1974இல் வெளியான ஓர் ஆய்வில் ஜான் வோயவோட்ஸ்கி என்ற உளவியலாளர் சான் பிரான்சிஸ்கோ டாக்ஸிகள் சிலவற்றின் பின்புறத்தில், நடுவில் கூடுதலாக, வேகம் குறைவதை எச்சரிக்கும் ஒரு விளக்கைப் பொருத்திப் பார்த்தார். விளக்கு பொருத்தாத டாக்ஸிகளோடு ஒப்பிட்டபோது பின்னாலிருந்து மோதும் விபத்துகள் ஏறத்தாழ 60 விழுக்காடு குறைந்திருந்தன. இந்த ஆய்வும் இதைத் தொடர்ந்தவையும் சேர்ந்து, 1986 மாடல் கார்களிலிருந்து அங்கே மூன்றாவது பிரேக் விளக்கைக் கட்டாயமாக்கின. கார்களில் அது பரவலான பிறகு, 1990களில், அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்பு மறுபடியும் கணக்கெடுத்தது. பலன் ஏறத்தாழ 4 விழுக்காடாகச் சுருங்கியிருந்தது. அதுவும் சிறிய பலன் இல்லை, ஆண்டுதோறும் பல்லாயிரம் மோதல்கள் தவிர்க்கப்படுகின்றன. இருந்தாலும் அந்தச் சரிவைக் கவனிக்க வேண்டும். கண்ணுக்குப் பழகிப்போன விளக்கு வலுவை இழக்கிறது. சரியாக வேலை செய்யும் விளக்குக்கே இந்தக் கதி என்றால், கிலோமீட்டர் கணக்கில் ஒரே மாதிரி எரியும் விளக்கைப் பின்னால் வருபவர் சில நிமிடங்களில் கணக்கிலிருந்தே எடுத்துவிடுவார். உண்மையிலேயே பிரேக் பிடிக்கும்போது எச்சரிக்க எதுவும் மிச்சமிருக்காது.

அணையாத விளக்கால் வண்டிக்குள்ளும் கேடு உண்டு. பெரும்பாலான கார்களில் பிரேக் விளக்குக்கு மின்சாரம் பேட்டரியிலிருந்து நேராக வருகிறது. சாவியை எடுத்தாலும் அந்த இணைப்பு அறுவதில்லை. 21 வாட் பல்புகள் இரண்டு எரிந்தால் 12 வோல்ட்டில் 3.5 ஆம்பியர் போகும். சிறிய காரின் 35 ஆம்பியர்-மணி பேட்டரி, புத்தம் புதிதாகவே இருந்தாலும், பத்து மணி நேரத்தில் காலி. காலையில் வண்டி கிளம்பாது, பழி பேட்டரி மேல் விழும். தவிர, அதே ஸ்விட்ச் விளக்குக்கு மட்டும் சேதி சொல்வதில்லை. கால் பிரேக்கில் இருக்கிறது என்று எஞ்சின் கணினிக்கும் அதுதான் சொல்கிறது. அந்தச் சேதி பொய்யானால் குரூஸ் கண்ட்ரோல் வேலை செய்யாது. பல ஆட்டோமேட்டிக் கார்களில் பிரேக்கை மிதிக்காமல் கியர் லீவரை நகர்த்த விடாத பூட்டும் திறந்தே கிடக்கும். வண்டிக்குள் விளையாடும் குழந்தையின் கை அந்த லீவரில் பட்டால் என்ன ஆகும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

இவ்வளவுக்கும் காரணம் பெரும்பாலும் மிகச் சிறியது. பிரேக் பெடலின் மேல்முனையில், டாஷ்போர்டுக்கு அடியில், கட்டைவிரல் அளவில் ஒரு ஸ்விட்ச் இருக்கும். பெடல் மேலே நிற்கும்போது அதன் தண்டு ஸ்விட்ச்சின் முனையை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். அந்த அழுத்தம் இருக்கும்வரை விளக்கு அணைந்திருக்கும். பெடலை மிதித்ததும் முனை வெளியே வரும், விளக்கு எரியும். பல கார்களில் ஸ்விட்ச்சின் முனை தொடும் இடத்தில் பெடல் தண்டில் ஒரு துளையும், அதை அடைத்தபடி சிறிய ரப்பர் அல்லது பிளாஸ்டிக் புஷ்ஷும் இருக்கும். ஆண்டுக்கணக்கில் சூட்டில் வெந்து அந்தப் புஷ் உதிர்ந்துபோகும். பிறகு ஸ்விட்ச்சின் முனை துளைக்குள் புகுந்து நிற்கும். அழுத்த ஆளில்லாமல் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். டிரைவர் காலடி விரிப்பில் காய்ந்த பிளாஸ்டிக் துணுக்குகள் கிடந்தால், பாதி நோய் அங்கேயே தெரிந்துவிட்டது. புஷ்ஷின் விலை மிகக் குறைவு. அது தெரியாமல் ஸ்விட்ச், பல்பு, ஹோல்டர் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பதில்தான் பணம் கரைகிறது.

பாகத்தை மாற்றுவதற்கு முன் கேள்வி கேட்க வேண்டும், அதுவும் வரிசையாக. சமதரையில் ஹேண்ட்பிரேக் போட்டு, சாவியை எடுத்து, எல்லா விளக்கையும் அணைத்தபின் பாருங்கள். அப்போது அணைந்திருந்து, பார்க்கிங் விளக்கைப் போட்டால் மட்டும் பிரேக் விளக்கும் ஒளிர்கிறதா? அப்படியானால் பெடலை விட்டுவிடலாம். பல்பு ஹோல்டரில் எர்த் கெட்டு மின்சாரம் வேறு இழை வழியாகத் திரும்புகிறது, அல்லது தவறான பல்பு போட்டிருக்கிறார்கள். சாவி இல்லாமலும் எரிகிறது என்றால் கால்விரலால் பெடலை மேல்நோக்கித் தூக்குங்கள். அணைந்தால், பெடல் முழுதாகத் திரும்பவில்லை அல்லது ஸ்விட்ச் தள்ளி நிற்கிறது. அணையாவிட்டால் ஸ்விட்ச்சின் முனையை விரலால் அழுத்துங்கள். இப்போது அணைந்தால் புஷ் போய்விட்டது. அப்போதும் எரிந்தால் ஸ்விட்ச்சின் கப்ளரைக் கழற்றுங்கள்: விளக்கு அணைந்தால் உள்ளே தொடுமுனைகள் ஒட்டிக்கொண்ட ஸ்விட்ச்தான் குற்றவாளி, கழற்றியும் எரிந்தால் வயரில் எங்கோ ஷார்ட், இல்லையேல் ரிலே. இவ்வளவையும் ஒரு ரூபாய் செலவில்லாமல் அறிந்துகொள்ளலாம்.

இதில் ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். பெடல் மேலே வராமல் நிற்கும்போது விளக்கு பொய் சொல்லவில்லை. பிரேக் உண்மையிலேயே பாதி பிடித்திருக்கலாம். பெடலின் அச்சு துருப்பிடித்திருக்கும், திருப்பியிழுக்கும் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், அல்லது பூஸ்டர் கம்பி சரியான இடைவெளி இல்லாமல் பொருத்தப்பட்டிருக்கும். வண்டி இழுக்காமல் திணறினால், சக்கரம் கொதித்தால், கருகிய வாடை வந்தால் அதை ஓட்டக் கூடாது. இந்த நிலையில் ஸ்விட்ச்சை நகர்த்தி விளக்கை மட்டும் அணைப்பது, இருக்கும் ஒரே எச்சரிக்கையையும் வாயடைப்பதாகும். பெடலைச் சரிசெய்யாமல் ஸ்விட்ச்சைத் தொடாதீர்கள்.

புதிய கார்கள் கணினி மயமாகிவிட்டன, இந்தப் பழைய சோதனைகள் அங்கே எடுபடுமா என்று கேட்கலாம். ஓரளவு நியாயமான கேள்விதான். மின்சாரக் கார்களில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே மோட்டார் வேகத்தைக் குறைக்கும், ஐ.நா. விதியின்படி அந்தக் குறைப்பு வினாடிக்கு 1.3 மீட்டர்/வினாடி என்ற அளவைத் தாண்டினால், பிரேக்கைத் தொடாமலே விளக்கு எரிய வேண்டும். சிக்னலில் தானே பிரேக் பிடித்து நிற்கும் வசதியுள்ள கார்களிலும் கால் இல்லாமல் விளக்கு எரியும். இவை பழுதல்ல, வண்டியை அணைத்துவிட்டுச் சோதிக்கச் சொன்னது இதனால்தான். ஆனால் கணினி வந்ததால் காரண அறிவு தேவையற்றுப் போகவில்லை, இன்னும் கூடுதலாகத் தேவைப்படுகிறது. 2014 மே மாதம் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் ஷெவர்லே மாலிபு உள்ளிட்ட ஏறத்தாழ 24 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. மிதிக்காமலே விளக்கு எரிவதும், மிதித்தும் எரியாததும் அவற்றின் கோளாறு. பல்பில் குற்றமில்லை. கட்டுப்பாட்டுக் கணினியின் கப்ளரில் உலோக முனைகள் ஓயாத அதிர்வில் ஒன்றோடொன்று உரசி, நுண்ணிய துருப்படலம் படிந்து, மின்தடை ஏறிவிட்டது. பெடல் எங்கே நிற்கிறது என்பதைக் கணினி தப்பாகப் படித்தது. கப்ளரில் காப்புக் கிரீஸ் தடவியதும், பெடலின் ஓய்வு நிலையைக் கணினிக்கு மறுபடி கற்பித்ததும் தீர்வின் பகுதிகள். பல்பை எத்தனை முறை மாற்றியிருந்தாலும் அந்தக் கோளாறு போயிருக்காது.

இன்னொரு எதிர்வாதமும் உண்டு: ஃபியூஸைப் பிடுங்கிவிட்டால் விளக்கு அணைந்துவிடும், பேட்டரியும் பிழைக்கும், பிறகு பார்த்துக்கொள்ளலாம். வீட்டில் நிற்கும் வண்டிக்கு ஓரிரவு அது போதும், பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றினாலும் அதே பலன்தான். அப்படியே சாலைக்குப் போனால் அணையாத விளக்கு எரியாத விளக்காக மாறிவிட்டது, அவ்வளவுதான். பல கார்களில் அதே ஃபியூஸ் வேறு பாகங்களுக்கும் மின்சாரம் தருகிறது என்பதையும் மறக்கக் கூடாது. புஷ் உதிர்ந்த பெடல் துளையில் போல்ட் மாட்டியோ நாணயத்தை ஒட்டியோ சமாளிப்பவர்களும் இருக்கிறார்கள். மெக்கானிக் கடைவரை போய்ச்சேர அது உதவும், ஒட்டிய நாணயம் கழன்று பெடலடியில் விழுந்தால் வேறு ஆபத்து. இன்று இரவு வண்டியை நிறுத்திச் சாவியை எடுத்தபின் ஒருமுறை பின்பக்கம் நடந்து போய்ப் பாருங்கள். சிவப்பு தெரிந்தால் அதே இடத்தில் நின்று முதல் கேள்வியைக் கேட்கத் தொடங்குங்கள். காரணம் தெரியாமல் எந்தப் பாகத்தையும் மாற்றச் சொல்லாதீர்கள்.