கடலடிப் படிவுகளின் ஒலியியல் அளவீடு

கடலடிப் படிவுகளின் ஒலியியல் அளவீடு என்பது கடலடியில் படிந்துள்ள மணல், வண்டல், களிமண் ஆகியவற்றில் ஒலி எவ்வாறு பரவுகிறது என்பதைக் கண்டறியும் முறையாகும். ஒலியின் வேகம், படிவின் அடர்த்தி, ஒலித் தணிவு ஆகியன இதில் அளக்கப்படும் முதன்மையான பண்புகள். ஏறத்தாழ 200 மீட்டருக்கு உட்பட்ட ஆழமற்ற கடலில் ஒலியானது நீர்ப்பரப்பிலும் கடலடியிலும் மீண்டும் மீண்டும் பட்டுத் தெறித்தே தொலைவுக்குச் செல்கிறது. ஆகவே அங்கு சோனார் கருவியின் எட்டுதூரம் கடலடியின் தன்மையைப் பெரிதும் பொறுத்தது.

மணலும் களியும்

கடல்நீரில் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர். செறிந்த மணலில் இது 1,700 மீட்டர் அளவுக்கு உயர்கிறது. நீர் மிகுந்த மென்களியில் நீரில் உள்ளதைவிடச் சற்றுக் குறைவாகவும் இருக்கக்கூடும். களித் துகள்களால் படிவின் அடர்த்தி கூடினாலும், அதே அளவுக்கு அதன் விறைப்பு கூடாததே இதற்குக் காரணம். செங்குத்தாக விழும் ஒலியாற்றலில் மணல் சுமார் 14 விழுக்காட்டையும், மென்களி சுமார் 2 விழுக்காட்டையும் திருப்பி அனுப்புகின்றன.

அளவிடும் முறைகள்

* மாதிரி ஆய்வு: குழாயைக் கடலடியில் செலுத்திப் படிவு எடுக்கப்படுகிறது. அதன் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மீயொலித் துடிப்பு கடக்கும் நேரத்தைக் கொண்டு வேகம் கணிக்கப்படுகிறது.
* நேரடி அளவீடு: ஒலி உணரிகள் பொருத்திய கம்பிகள் கடலடியிலேயே செருகப்படுகின்றன. இதனால் படிவு அதிகம் குலைவதில்லை.
* எதிரொலி முறை: கப்பலிலிருந்து தாழ் அதிர்வெண் ஒலி அனுப்பப்பட்டு, படிவு அடுக்குகளின் எதிரொலி பதிவு செய்யப்படுகிறது.
* நேர்மாறு கணிப்பு: தொலைவில் எழுப்பிய ஒலியை நீரடி ஒலிவாங்கிகளின் வரிசை பதிவு செய்கிறது. அப்பதிவுக்குப் பொருந்தும் கடலடிப் பண்புகள் கணினியால் தேடப்படுகின்றன.

பிழைகள்

எதிரொலி முறை தருவது நேரத்தை மட்டுமே. தடிமனை அறிய வேகம் தெரிந்திருக்க வேண்டும். ஒரு படிவு அடுக்கினுள் ஒலி சென்று திரும்ப 10 மில்லிநொடி ஆனால், வேகத்தை 1,500 மீட்டர் எனக் கொண்டால் தடிமன் 7.5 மீட்டர், 1,700 எனக் கொண்டால் 8.5 மீட்டர். துறைமுகத்தில் தூர்வாரும் பணியில் இந்த 1 மீட்டர் வேறுபாடு பெரியது.

ஆய்வகத்தின் வெப்பநிலையும் அழுத்தமும் கடலடியில் உள்ளவற்றிலிருந்து வேறுபடும். எனவே படிவில் உள்ள வேகத்துக்கும் அதே நிலையிலுள்ள கடல்நீரின் வேகத்துக்கும் இடையிலான விகிதமே குறிக்கப்படுகிறது. இவ்விகிதம் வெப்பநிலையால் அதிகம் மாறுவதில்லை. கழிமுகச் சேற்றில் உயிர்ப்பொருள்கள் மட்கி உண்டாகும் மீத்தேன் குமிழிகள், சிறிதளவே இருப்பினும் ஒலி வேகத்தை வெகுவாகக் குறைத்து, கீழடுக்குகளை எதிரொலிப் பதிவிலிருந்து மறைத்துவிடும்.

மன்னார் வளைகுடா

தென்காசி மாவட்டத்தின் ஐந்தருவி நீர் சிற்றாற்றில் சேர்கிறது. சிற்றாறு சீவலப்பேரியில் தாமிரபரணியுடன் கலக்க, தாமிரபரணி புன்னைக்காயலில் மன்னார் வளைகுடாவை அடைகிறது. இவ்வாறு ஆறுகள் மலையிலிருந்து கொண்டுவரும் பொருள்களில் பருமணல் விரைவில் படிகிறது. நுண்களி அமைதியான நீரில் மெல்லப் படிகிறது. அலையும் நீரோட்டமும் இவற்றை மேலும் பிரிப்பதால் கடலடி இடத்துக்கு இடம் மாறுகிறது. ஓரிடத்தில் எடுத்த அளவீட்டை மற்றோரிடத்துக்கு அப்படியே பயன்படுத்த இயலாது.

இந்தியாவில் 1993-ல் நிறுவப்பட்ட சென்னைத் தேசியப் பெருங்கடல் தொழில்நுட்பக் கழகமும், கொச்சியிலுள்ள கடற்படை இயற்பியல் மற்றும் பெருங்கடலியல் ஆய்வகமும் கடல் ஒலியியல் ஆய்வில் ஈடுபட்டுள்ளன.