இரட்டை உடுக்களும் கணிதப் பிழையும்: யாழ்ப்பாண வானியல் மரபு குறித்து ஒரு நோக்கு

திருமணச் சடங்கில் மணமகளுக்கு அருந்ததி காட்டுவது தமிழரிடையே நெடுங்கால வழக்கு. சங்கப் பாடல்களில் வடமீன் என வழங்கும் அவ்வுடு கற்பின் குறியீடாக நிற்பதையும், சிலப்பதிகாரத்து மங்கல வாழ்த்துப் பாடலிற் கண்ணகிக்கு அது உவமையாவதையும் இலக்கிய மாணவர் அறிவர். இன்று எமது ஊர்களில் நடைபெறும் திருமணங்களிற் பெரும்பாலானவை பகல் முகூர்த்தத்தில் நிகழ்வதால், வானில் இல்லாத மீனை நோக்கிக் கை காட்டுவதோடு சடங்கு நிறைவுபெற்றுவிடுகிறது. உண்மையில் இரவிலே வடவானைப் பார்ப்பவருக்கு, ஏழு முனிவர் கூட்டத்தில் வசிட்டன் எனப்படும் ஒளிமிக்க உடுவின் அருகே மங்கலாகத் தோன்றுவதே அருந்ததி. வசிட்டன் ஒன்றன்று, இரண்டு என்பதை 17ஆம் நூற்றாண்டிலேயே தொலைகாட்டி காட்டிற்று. அவ்விரண்டில் ஒன்று தானும் இரண்டு என்பதை 1889 இல் நிறமாலை ஆய்வு வெளிப்படுத்தியது. மற்றையதும் அவ்வாறே எனப் பின்னர் தெரியவந்தது. அருந்ததிக்கும் மங்கலான துணை ஒன்று இருப்பது 2009 இற் காணப்பட்டது. ஆக, மணமகளுக்குக் காட்டப்படுவது ஆறு உடுக்களின் தொகுதி.

இவ்வாறு இணைந்து வாழும் உடுக்கள் வானில் அருமையானவை அல்ல. சூரியனை ஒத்த உடுக்களில் ஏறத்தாழப் பாதி ஏதோவொரு துணையுடன் உள்ளன. இரண்டு உடுக்கள் ஈர்ப்பினாற் கட்டுண்டு கிடக்கும்போது ஒன்று நிலையாய் நிற்க மற்றது அதனைச் சுற்றுவதில்லை. இரண்டுக்கும் பொதுவான திணிவு மையமொன்றை இரண்டும் சுற்றுகின்றன. திணிவு மிகுந்தது சிறு வட்டத்திலும், குறைந்தது பெரு வட்டத்திலும் செல்லும். துலாவின் ஒரு முனையிற் பெரியவரும் மறுமுனையிற் சிறுவனும் இருந்தால் அச்சு பெரியவர் பக்கமாக நகர வேண்டியிருப்பதைப் போன்றது இது.

இத்தகைய இணையிற் கோள் இருக்க முடியுமா என்பதே நாம் இங்கு எடுத்துக்கொண்ட வினா. இருக்கலாம். ஆனால் எங்கும் இருக்க முடியாது. உடுக்கள் ஒன்றுக்கொன்று மிகத் தொலைவில் இருப்பின், கோள் அவற்றுள் ஒன்றை நெருங்கிச் சுற்றலாம். உடுக்கள் ஒன்றையொன்று நெருங்கி நிற்பின், கோள் சற்று விலகி நின்று இரண்டையும் ஒருசேரச் சுற்றலாம். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட பரப்பில் இரு உடுக்களின் இழுவையும் மாறிமாறித் தாக்குவதாற் கோளின் ஒழுக்கு சிதைந்து, அது வெளியே எறியப்படும், அல்லது ஓர் உடுவின்மீது மோதும். கோள் நிலைபெறுவது இரு ஆற்றல்களின் முரணுக்கிடையே அமையும் ஒரு நிலைமையைப் பொறுத்தது. இயக்கவியல் பயின்றோருக்கு இது வியப்பளிக்காது.

இத்துறையின் வரலாற்றில் எமது கடலின் இரு கரைகளும் இடம்பெறுகின்றன என்பது பரவலாக அறியப்படாத செய்தி. சூரியனுக்கு மிக அண்மையிலுள்ள உடுத்தொகுதி அல்பா சென்ரோரி. வைகாசி, ஆனி மாதங்களின் முன்னிரவில் யாழ்ப்பாணத்துத் தென்வானில், அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 20 பாகை உயரத்தில் அது பளிச்சிடக் காணலாம். வெறுங்கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் அது இரண்டு என்பதை 1689 டிசெம்பரிற் புதுச்சேரியில் இருந்து கண்டவர் ரிஷோ என்னும் யேசுசபைப் பாதிரியார். பதினான்காம் லூயி மன்னனாற் சீயத்துக்கு அனுப்பப்பட்ட கணித அறிஞர் குழுவைச் சேர்ந்த அவர், அங்கு அரசுப் புரட்சி நிகழ்ந்தபின் சோழமண்டலக் கரைக்கு வந்தவர். வால்வெள்ளி ஒன்றைத் தேடிய வேளையில் இவ்விணை அவர் தொலைகாட்டியில் அகப்பட்டது. அப்போது யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் ஆட்சியின்கீழ் இருந்தது. வணிகக் கப்பல்கள் எங்கு சென்றனவோ அங்கெல்லாம் தொலைகாட்டியும் சென்றது என்பதற்கு மேல் இதில் நாம் கூறுவதற்கு அதிகமில்லை.

இரண்டாவது நிகழ்ச்சி எமது பொருளுக்கு நேரடியாக உரியது. சென்னை நுங்கம்பாக்கத்திற் கிழக்கிந்தியக் கொம்பனியார் நடத்திய வானோக்கு நிலையத்தின் தலைவராயிருந்த கப்டன் ஜேக்கப், இரட்டை உடுக்களை அளப்பதில் நீண்டகால ஈடுபாடு கொண்டவர். பாம்பைக் கையிற் பிடித்தவனாக மேனாட்டார் உருவகித்த ஒபியூக்கஸ் தொகுதியில், 70 என எண்ணிடப்பட்ட உடு ஓர் இணை என்பதை வில்லியம் ஹேர்ஷல் 1779 இற் கண்டிருந்தார். ஏறத்தாழ 88 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றிவரும் அவ்வுடுக்கள், கணித்த இடத்தில் நில்லாமற் சிறிது விலகி நின்றன. இவ்விலகலுக்குக் கண்ணுக்குப் புலப்படாத கோள் ஒன்றின் இழுவையே காரணமாதல் கூடும் என ஜேக்கப் 1855 இல் அறிவித்தார். சூரியனல்லாத உடுவொன்றைச் சுற்றும் கோள் இருப்பதாக அளவீட்டின் துணைகொண்டு கூறப்பட்ட முதல் உரிமைக்கோரிக்கைகளுள் ஒன்று, இவ்வாறு தமிழ்நாட்டு மண்ணிலிருந்து எழுந்தது.

அவர் கையாண்ட தருக்கம் அக்காலத்தில் வெற்றிபெற்ற தருக்கமே. யுறேனசின் ஒழுக்கிற் காணப்பட்ட பிசகிலிருந்து 1846 இல் நெப்ரியூன் கண்டுபிடிக்கப்பட்டது. சீரியஸ் உடுவின் தள்ளாட்டத்திலிருந்து மறைந்திருக்கும் துணையொன்றை 1844 இற் பெசல் உய்த்துணர்ந்தார். 1862 இல் அத்துணை கண்ணாலேயே காணப்பட்டது. கணக்குக்கும் காட்சிக்கும் உள்ள வேறுபாட்டைக் குற்றமாகக் கொள்ளாது, புதிய பொருளொன்றின் சுவடாகக் கொள்வது இம்முறையின் உயிர்நாடி. ஆயினும் ஜேக்கப்பின் கோள் நிலைபெறவில்லை. அமெரிக்க வானியலாளர் சீ அதே உடுவுக்கு மறைந்த துணையொன்றைப் பின்னர் மீண்டும் கற்பித்தபோது, அவர் கூறிய ஒழுக்கில் அத்தகைய பொருள் நிலைத்திருக்க இயலாது என 1899 இல் மோல்ற்றன் காட்டினார். 70 ஒபியூக்கியிற் கோள் எதுவும் இதுவரை உறுதிப்படுத்தப்படவில்லை. விலகல் வானிலன்றி அளவீட்டிலேயே இருந்தது எனக் கொள்ளலே பொருத்தம்.

ஜேக்கப் பிழைபட்டார். அதனால் ஐரோப்பிய வானியல் பொய்யெனவோ, அவர் சார்ந்த நாகரிகம் மூடத்தனமானதெனவோ எவரும் கூறவில்லை. கூறாதது நியாயமே. அந்நியாயம் யாருக்கெல்லாம் கிட்டியது என்று பார்க்கும்போதுதான் வட்டுக்கோட்டை எமது நினைவுக்கு வருகின்றது.

அமெரிக்க மிசனரிமார் 1823 இல் நிறுவிய வட்டுக்கோட்டைச் செமினரியில் வானியலும் கணிதமும் பாடங்களாயிருந்தன. அதன் முதலதிபர் டானியல் பூவர். அயலூராகிய அராலியில் வாழ்ந்தவர் புகழ்பெற்ற பஞ்சாங்க கணிதர் விசுவநாத சாஸ்திரியார். 1829 மார்ச்சில் நிகழவிருந்த சந்திரகிரகணத்துக்குச் சாஸ்திரியாரின் பஞ்சாங்கம் தந்த கணிப்பைப் பூவர் தமது கணிப்புடன் ஒப்பிட்டு, தொடக்கத்திலும் நீடிப்பிலும் மறைப்பின் அளவிலும் வேறுபாடு இருக்குமென முன்கூட்டியே அறிவித்தார். கிரகணம் பூவர் சொன்னவாறே நிகழ்ந்ததாக மிசன் வரலாறு கூறும். இதனை ஐயுற எமக்குக் காரணமில்லை. ஆனால் வேறுபாடு நாட்கணக்கிலன்று, நிமிடக்கணக்கில் என்பதை மறத்தலாகாது. அந்நிமிடங்கள் பிரசங்க மேடைகளில் ஒரு சமூகத்தின் முழுச் சாத்திரத்துக்கும் எதிரான சாட்சியமாயின.

சாஸ்திரியார் போன்றோரின் கணிதம் எத்தகையது என்பதற்குப் புதுச்சேரியிலிருந்து கிடைக்கும் சான்று ஒன்று பயனுடையது. 1825 இல் ஜோன் வாரன் என்பார் அங்கு தமிழ்ப் பஞ்சாங்க கணிதர் ஒருவரைக் கொண்டு சந்திரகிரகணமொன்றைக் கணிப்பித்தார். அவர் தரையிற் சோகிகளைப் பரப்பி, மனனஞ் செய்த வாக்கியங்களின் துணைகொண்டு, எழுதாமலே கணித்தார். கணிப்பின் பிழை தொடக்கத்தில் 4 நிமிடம், நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம். சந்திரன் 248 நாளில் ஒன்பது முறை தன் வேகச் சுழற்சியை நிறைவு செய்கின்றது என்னும் உறவை அடிப்படையாகக் கொண்ட வாக்கிய முறை அது. வானியல் வரலாற்றறிஞர் நொய்கெபவர் 1952 இல் இதனைத் தமிழ் வானியல் என்ற பெயராலேயே ஆராய்ந்து, பபிலோனிய எண்கணித முறைகளோடு அதற்குள்ள உறவைச் சுட்டினார். கிரகணம் பூமியின் நிழலால் நிகழ்வது என்பதைச் சித்தாந்த நூல்கள் முன்னரே கூறியுள்ளன. இராகு விழுங்கும் புராணக் கதையையும் சித்தாந்தக் கணிதத்தையும் ஒன்றெனக் காட்டுவது மேடைப் பிரசங்கத்துக்கு வசதியானது. பூவருக்குப் பின் அதிபரான ஹொய்சிங்டன் இந்து வானியலை ஆராய்ந்து 1848 இல் தமிழ் மூலமும் ஆங்கில மொழிபெயர்ப்புமாக யாழ்ப்பாணத்தில் நூல் வெளியிட்டார். மிசனுக்குள்ளேயே இவ்வேறுபாட்டை உணர்ந்தோர் இருந்தனர் என்பதற்கு அந்நூலே சான்று.

இதனைக் கொண்டு எமது முன்னோர் யாவற்றையும் அறிந்திருந்தனர் எனப் பெருமை பேசும் பழமைவாதிகளோடு நாம் உடன்படுவதாகக் கருதவேண்டியதில்லை. சாஸ்திரியாரின் குறை அறிவுக்குறைபாடு அன்று. பஞ்சாங்கக் கணிதம் பரம்பரைச் சொத்தாக, ஒரு சில குடும்பங்களின் கைக்குள், கோயிலுக்கும் விதைப்புக்கும் நாள் குறித்துக் கொடுக்கும் தொழிலாக இருந்தது. வாக்கியத்தை மனனம் செய்தவர் அதனைத் திருத்தும் உரிமை பெற்றவரல்லர். கிரகணந்தோறும் நேரத்தை அளந்து, விலகலைக் குறித்து, அட்டவணையை மாற்றுவதற்கு வேண்டிய கருவியும், அதற்குக் கூலி கொடுக்கும் நிறுவனமும் நிலவுடைமைச் சமூகத்தில் அவருக்கு இருக்கவில்லை. ஜேக்கப்பிடம் கொம்பனியின் பணமும், லண்டனில் அவர் கட்டுரையை வெளியிட ஒரு கழகமும், அவருடன் முரண்பட்டுத் திருத்தப் பிற நாட்டு அறிஞரும் இருந்தனர். ஒரே விலகல் ஓரிடத்தில் ஆராய்ச்சிக்குரிய பிரச்சினையாகின்றது, மற்றோரிடத்தில் அவமானமாகின்றது. உற்பத்தி உறவுகளையும் ஆதிக்க உறவுகளையும் நீக்கிவிட்டு இவ்வேறுபாட்டை விளக்க எம்மால் முடியாது. சென்னை வானோக்கு நிலையத்திற் பணிபுரிந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867 இல் மாறொளி உடுவொன்றைக் கண்டதும், பஞ்சாங்கத்தைத் திருத்த முற்பட்டதும் இங்கு நினைவுகூரத்தக்கன. கருவி கைக்கு எட்டியபோது மரபு திருந்த மறுக்கவில்லை.

ஜேக்கப் தமது கோளை அறிவித்த அதே 1855 இல் வட்டுக்கோட்டைச் செமினரி மூடப்பட்டது. அமெரிக்காவிலிருந்து வந்த அண்டர்சன் தூதுக்குழுவின் முடிவு அது. ஆங்கிலமும் விஞ்ஞானமும் கற்ற இளைஞர் உபதேசிகளாகாமல் அரசாங்க உத்தியோகம் நாடிச் சென்றனர் என்பது அவர்கள் கண்ட குறை. அவ்வாண்டிலேயே அச்செமினரியிற் கற்பித்த கறல் விசுவநாதபிள்ளையின் வீசகணிதம் தமிழில் அச்சேறியது. அவரும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாயினர். தாமோதரம்பிள்ளையின் பதிப்புப் பணியை நாம் போற்றுகின்றோம். வீசகணிதத்தை யார் நினைவிற் கொண்டிருக்கின்றனர்? தமிழில் உயர்கணிதம் எழுதும் முயற்சி அதன் வாசகரை உருவாக்கிய நிறுவனத்தோடு தளர்ந்தது. உடு, திணிவு, ஒழுக்கு என நாம் இக்கட்டுரையில் எளிதாகக் கையாளும் சொற்கள் பாடநூல்களில் நிலைபெற, இலங்கையிற் சுயமொழிக் கல்வி வரும்வரை ஏறத்தாழ நூறாண்டு காத்திருக்க வேண்டியதாயிற்று. வாக்கியம், திருக்கணிதம் என இரு பஞ்சாங்கங்கள் யாழ்ப்பாணத்தில் இன்றும் வழங்குவதும், சித்திரைப் புத்தாண்டு பிறக்கும் நேரம் அவற்றில் வேறுபடுவதும் அக்கால விவாதம் தீராமல் விடப்பட்டதன் எச்சங்களே.

உடுக்களுக்கு மீள்வோம். இரட்டை உடுவிற் கோள் என்னும் கருத்து ஜேக்கப்புக்குப் பின்னரும் பிழைகளினூடாகவே முன்னேறியது. காமா செபேய் என்னும் இணையிற் கோள் இருப்பதாக 1988 இல் ஐயத்தோடு கூறப்பட்டு, 1992 இற் கைவிடப்பட்டு, 2003 இல் உறுதிப்பட்டது. ரிஷோ கண்ட இணையின் ஓர் உடுவுக்குக் கோள் உண்டென 2012 இல் ஆரவாரத்துடன் அறிவிக்கப்பட்டது. 2015 இல் அது அளவீட்டுத் தரவுகளின் மாயத்தோற்றம் எனத் தெளிந்தது. அவ்விணையின் மூன்றாம் துணையாகிய புரொக்சிமாவுக்கோ 2016 இற் கோள் உறுதியாயிற்று.

இரு உடுக்களையும் ஒருசேரச் சுற்றும் கோளுக்கு ஐயமற்ற சான்று 2011 இற் கெப்ளர் விண்தொலைகாட்டியாற் கிடைத்தது. கெப்ளர் 16 எனப்படும் அத்தொகுதியில் இரு உடுக்களும் 41 நாளுக்கொருமுறை ஒன்றையொன்று சுற்றுகின்றன. சனியை ஒத்த கோள் அவற்றின் இடைத்தூரத்திற்கு மும்மடங்கு அப்பால் நின்று 229 நாளில் இரண்டையும் வலம் வருகின்றது. அது கண்டறியப்பட்ட வழி கிரகணமே. உடுக்கள் ஒன்றையொன்று மறைக்கும்போது ஒளி மங்குகின்றது. இடையிடையே, எதிர்பாராத வேளைகளில், மேலும் சிறிது மங்குகின்றது. கோள் குறுக்கிடுவதே அதற்குக் காரணம். கோளின் இழுவையால் உடுக்களின் கிரகணம் கணித்த நேரத்துக்குச் சற்று முந்தியும் பிந்தியும் நிகழ்கின்றது. அச்சிறு நேரப் பிசகைக் கொண்டே கோளின் திணிவு அளக்கப்பட்டது. அக்கோளின் ஒழுக்குத் தளம் மெல்லத் திரும்புவதால் 2018 முதல் அது எமது பார்வைக்கு உடுக்களின் குறுக்கே செல்லவில்லை. கணக்கின்படி 2042 அளவில் மீண்டும் குறுக்கிடத் தொடங்கும்.