நாலு மணிக்குப் பிறகு பிள்ளைகள் யார் பொறுப்பு?

கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்கு விடிகாலையிலேயே ஜீப் கிளம்பிவிடும். அதில் ஏறிப் போகிற தாய்மார் வீடு திரும்பப் பொழுது சாய்ந்துவிடும். பள்ளியோ நாலு மணிக்கெல்லாம் விட்டுவிடுகிறது. பண்ணைப்புரம், கோம்பை, தேவாரம் என்று மலையடிவாரத்து ஊர்கள் பலவற்றிலும் இதே நிலைமைதான். இடைப்பட்ட நேரத்தில் அப்பத்தா இருக்கிற வீட்டில் பிள்ளைகளை அப்பத்தா பார்த்துக்கொள்வார். இல்லாத வீட்டில் அக்காதான். அந்த அக்காவுக்கே வயது பத்தோ பன்னிரண்டோ இருக்கும்.

இந்த நேரத்துக்குச் சட்டப்படி யாரும் பொறுப்பில்லை. ஆறு வயது வரைக்கும் அங்கன்வாடி உண்டு. 50 பெண்களுக்குக் குறையாமல் வேலை செய்யும் தோட்டங்களில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்று 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் சொன்னது; அதுவும் ஆறு வயதுக்கு உட்பட்டவர்களுக்குத்தான். 2009இல் வந்த கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை கட்டாயக் கல்வி என்றது. வகுப்பு முடிந்த பிறகு அந்தப் பிள்ளை எங்கே போகும் என்று அது கேட்கவில்லை.

அப்படியானால் உள்ளாட்சி பொறுப்பேற்கலாமே? இங்கேதான் ஒரு சிக்கல். ஊராட்சிகளுக்கான அதிகாரப் பட்டியல் அரசமைப்பின் பதினோராவது அட்டவணையில் இருக்கிறது. அதன் 29 இனங்களில் தொடக்கப் பள்ளியும், பெண்கள் குழந்தைகள் மேம்பாடும் வெளிப்படையாக இடம்பெற்றுள்ளன. பண்ணைப்புரம் பேரூராட்சி என்பதால் அதற்கு நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கான பன்னிரண்டாவது அட்டவணைதான் பொருந்தும். அதிலுள்ள 18 இனங்களில் இவ்விரண்டும் இல்லை. கல்வி, பண்பாட்டு மேம்பாடு என்று பொதுவான ஓர் இனமும், பூங்கா, விளையாட்டுத் திடல் பற்றிய இன்னோர் இனமும் இருக்கின்றன. தோட்ட வேலையை நம்பி வாழும் ஊர், தாளில் நகர்ப்புறமாகிவிட்டதால் பிள்ளைகள் விஷயத்தில் அதன் அதிகாரம் குறைந்துபோனது. இது பெரிய அநியாயம்.

பணத்தின் கதையும் அதுதான். சிறிய பேரூராட்சியின் சொந்த வருமானம் சொத்து வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், கடை வாடகை என்ற அளவில் நின்றுவிடும். 2021 முதல் 2026 வரைக்கான மத்திய நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்றே கட்டப்பட்டது. மாலைநேரக் காப்பகத்துக்கென்று தனித் தலைப்பு கிடையாது.

மாநில அரசு ஒரு முறை இந்த நேரத்தைத் தொட்டது. 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில், மாலை 5 மணியிலிருந்து 7 மணிக்குள் தெருவுக்குத் தெரு தன்னார்வலர்கள் பாடம் நடத்தினார்கள். மாத ஊக்கத்தொகை 1,000 ரூபாய். பெரும்பாலோர் அதே ஊர்ப் பெண்கள். பிள்ளைகளைத் தெரிந்தவர்கள், நம்பி விடலாம். ஆனால் அது கொரோனாக் கால இழப்பை ஈடுகட்ட வந்த கல்வித் துறைத் திட்டம். ஆண்டுகள் செல்லச் செல்ல மையங்கள் குறைந்தன. அந்தந்த ஊர் மன்றத்தின் கையில் சட்டப் பொறுப்பும் நிதியும் இருந்திருந்தால் அதை அவ்வளவு எளிதாகச் சுருக்கியிருக்க முடியாது என்பதே என் எண்ணம்.

உள்ளாட்சிக்கு இது புதிய வேலையும் அல்ல. 1920இல் பிட்டி தியாகராயர் தலைமையில் சென்னை மாநகராட்சிதான் ஆயிரம் விளக்குப் பள்ளியில் மாணவர்களுக்கு மதிய உணவு போட்டது. செலவைத் தொடக்கக் கல்வி நிதியிலிருந்து எடுக்க ஆங்கிலேய அரசு மறுத்ததால் 1925இல் அது நின்றது. 1927இல் மீண்டும் தொடங்கியது. மாநிலம் முழுவதற்குமான காமராசர் திட்டம் 1956இல்தான் வந்தது.

வெளிநாடுகளில் விடை தெளிவாக இருக்கிறது. சுவீடனில் பள்ளி நேரத்துக்குப் பிந்தைய காப்பகத்தை நடத்துவது நகராட்சியின் சட்டக் கடமை. ஜப்பான் 1997இல் குழந்தைகள் நலச் சட்டத்தைத் திருத்தி இதைச் சேர்த்தது. அங்கே நடத்தும் செலவில் பாதியைப் பெற்றோர் கட்டணம் ஈடுகட்ட வேண்டும். மறுபாதியை மத்திய அரசும் மாகாணமும் நகராட்சியும் சமமாகப் பகிர வேண்டும் என்பது அடிப்படைக் கணக்கு. தோட்டக் கூலியில் வாழும் குடும்பங்களிடம் நாம் அந்தப் பாதியைக் கேட்க முடியாது. பகிர்வு முறையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

நமக்கே ஒரு முன்மாதிரியும் உண்டு. 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டத்தின்படி, சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரியாக உள்ளாட்சிகள் வசூலித்துக் கொடுக்கின்றன. அதைப் போல ஒரு சிறு பங்கும், அதற்கு ஈடாகவும் மேலாகவும் மாநில மானியமும் சேர்ந்தால் ஒரு மையம் நடக்கும். கட்டடத்துக்குப் பள்ளி வகுப்பறையும் சமுதாயக் கூடமும் போதும். காலைச் சிற்றுண்டியைச் சமைக்கும் மகளிர் சுயஉதவிக் குழுக்களால் மாலையில் சுண்டலும் அவித்துத் தர முடியும். பராமரிப்பவருக்கு ஊக்கத்தொகை என்ற பெயரில் சில்லறை கொடுக்காமல், முறையான மாதச் சம்பளம் தர வேண்டும்.

நகர்ப்புற உள்ளாட்சிகளில் வார்டுக் குழுவும் பகுதி சபையும் அமைக்க 2022லேயே விதிகள் வந்துவிட்டன. பண்ணைப்புரத்துப் பெற்றோர் அடுத்த கூட்டத்தில் சாக்கடை, தெருவிளக்குக் கோரிக்கைகளோடு மாலைநேரக் காப்பகத்தையும் எழுதிக் கொடுங்கள்; பேரூராட்சி மன்றம் அதைத் தீர்மானமாக நிறைவேற்றி மாநில அரசுக்கு அனுப்பட்டும்.